பழைய டிஆர்-808 டிரம் மெஷினில் எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: ஒசாகாவில் வேலை பார்த்த உங்கள் மாமா வாங்கி வைத்திருந்த, எழுதி வைத்த தாளத்தை டிரம் ஒலிகளில் வாசிக்கும் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின் நெடுநாள் பரணில் கிடந்துவிட்டு இப்போது சென்னையில் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கன்வெர்ட்டர் வழியாக மின்சாரம் கொடுத்தால் விளக்குகள் எரிகின்றன. ஆனால் யாரும் எழுதி வைக்காத தாளங்களைத் தானாகவே வாசிக்கிறது, கைதட்டல் ஒலி வரவே இல்லை, ஸ்நேர் டிரம் சரசரப்பில்லாமல் மொட்டையாக ஒலிக்கிறது, சில பட்டன்கள் ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிகின்றன, குமிழ்களைத் திருகினால் கரகரப்பு, பின்னணியில் விடாத ஹம். பார்த்த மெக்கானிக் எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மொத்தமாக மாற்றிவிடலாம் என்கிறார், செய்யலாமா, பிறகு எப்படிப் பராமரிப்பது என்று கேட்கிறீர்கள். புதிதுபோல் ஆக்கப்போய் அதன் ஒலியைக் கெடுத்துவிடுவோமோ, தொடாமல் விட்டால் இயந்திரமே செத்துவிடுமோ என்ற தயக்கம்தான் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் மெல்லிசைக் குழுக்களுக்கும் பழைய கீபோர்டுகளையும் ரிதம் இயந்திரங்களையும் பழுதுபார்ப்பது என் தொழில். என் பதில் இதுதான்: மின்வழங்கல், பேட்டரி, தொடுமுனைகள் ஆகிய மூன்றையும் தயங்காமல் சரிசெய்யுங்கள், ஒலியை உண்டாக்கும் சுற்றுகளில் மீட்டர் குற்றம் சொன்ன உதிரிபாகத்தைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். மொத்தமாக மாற்றும் யோசனைக்கு இப்போதைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இந்த இயந்திரம் ஒலியை உண்டாக்கும் முறையில் இருக்கிறது. 1980 முதல் 1983 வரை ஏறத்தாழ 12,000 எண்ணிக்கையில் செய்யப்பட்ட டிஆர்-808க்குள் எந்த மத்தளத்தின் பதிவும் கிடையாது. பாஸ் டிரம்மிலிருந்து மணியோசை வரை அனைத்தும் டிரான்சிஸ்டர், ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கிச் சிப், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஆகியவற்றின் கூட்டால் அந்தந்தக் கணத்தில் பிறப்பவை. பதினொரு ஒலிச்சுற்றுகள் இருக்கின்றன. அவற்றுள் ஐந்து, சிறு சுவிட்சால் இரண்டு வேடம் போடக்கூடியவை என்பதால் மொத்தம் பதினாறு ஒலிகள் கிடைக்கின்றன. அதே காலத்தில் அமெரிக்காவில் வந்த லின் எல்எம்-1 டிரம் மெஷின் நிஜ டிரம்களின் பதிவை மெமரி சிப்பில் வைத்திருந்தது. அப்படிப்பட்ட இயந்திரத்தில் சிப்பிலுள்ள தரவை நகலெடுத்துப் புதுச் சிப்பில் எழுதிவிட்டால் ஒலி அப்படியே திரும்பிவிடும். 808இலோ ஒலி உதிரிபாகங்களின் மதிப்புகளில் குடியிருக்கிறது. ஒரு ரெசிஸ்டரை மாற்றுவதுகூட, மிகச் சிறிய அளவிலேனும், வாத்தியத்தையே மாற்றுவதாகும்.

இனி வரிசையாக வருகிறேன். முதலில் மின்சாரம், ஏனென்றால் அங்கே தவறினால் மற்றவற்றைப் பேச வாய்ப்பே இருக்காது. ஒசாகாவில் வாங்கிய இயந்திரம் என்றால் அது ஜப்பானின் 100 வோல்ட்டுக்கு உரியது. பின்புறத் தகட்டில் அச்சிட்டிருக்கும், படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் "கன்வெர்ட்டர்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது எந்த வகை என்பது முக்கியம். பயணிகளுக்காக விற்கப்படும் கையடக்கமான, எடையற்ற கன்வெர்ட்டர்களில் பல, மின்னலையை வெட்டிக் குறைப்பவை. இஸ்திரிப் பெட்டி போன்ற சூடேற்றும் கருவிகளுக்குத்தான் அவை பொருந்தும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவிகளுக்குப் பொருந்தா. உங்களுக்கு வேண்டியது செம்புச் சுருளும் இரும்பு உள்ளகமும் கொண்ட, கையில் எடுத்தால் கனக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்ட் தருவது. அதில் இயந்திரம் ஓடும், ஆனால் வோல்ட்டேஜை நிலைப்படுத்தும் ரெகுலேட்டர்கள் கூடுதல் வோல்ட்டேஜைச் சூடாக வெளியேற்ற வேண்டியிருக்கும். 100 வோல்ட்டுக்கு என்று சொல்லிச் சுற்றவைத்து வாங்குவது நல்லது. உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையே 230 வோல்ட்டுக்கு உரியதாக மாற்றிவிடலாம் என்றும் யாரேனும் சொல்லலாம். முறையாகச் செய்தால் அதில் பிழையில்லை, ஆனால் கழற்றிய பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். ஒசாகா இருக்கும் மேற்கு ஜப்பானில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50 ஹெர்ட்ஸ் என்பதால் தாளத்தின் வேகம் குறையுமா என்று சிலர் கேட்பதுண்டு. குறையாது, இயந்திரத்தின் வேகத்தை அதற்குள்ளேயே இருந்து துடிப்புகளை உண்டாக்கும் தனி ஆசிலேட்டர் தீர்மானிக்கிறது.

நெடுநாள் உறங்கிய கருவியை நேராகச் சுவரில் செருகாமல், நம் ரேடியோ மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்வதுபோல் சீரிஸ் லாம்ப், அதாவது தொடரில் இணைத்த ஒரு குண்டு பல்பு, வழியாக முதலில் இயக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். இது மின்சாரத்தைச் சொற்பமாக இழுக்கும் கருவி. 25 வாட் குண்டு பல்பே போதும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நிம்மதி. விடாமல் பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, அணைத்துவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே இயக்கிவிட்டீர்கள், விளக்கும் எரிந்துவிட்டது. ஆகவே பெரிய ஷார்ட் ஏதும் இருக்க வாய்ப்பில்லை. ஆயினும் மூடியைத் திறந்து வேலை செய்யும் காலம் முழுவதும் அந்தப் பல்பு தொடரிலேயே இருக்கட்டும். மின்கம்பி நேராக வந்து சேரும் பகுதியில் கை வைத்துப் பழக்கம் இல்லையென்றால் அந்த ஒரு பகுதியை மட்டுமாவது தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பேட்டரி. அடியில் மூன்று ஏஏ பேட்டரிகள் போடும் அறை இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் நீங்கள் எழுதிய தாளங்களை நினைவில் வைத்திருக்க அவை தேவை. பரணில் கிடந்த காலமெல்லாம் பழைய பேட்டரிகள் உள்ளேயே இருந்திருந்தால் அவை கசிந்திருப்பது ஏறக்குறைய நிச்சயம். கசிவு எந்த வகைப் பேட்டரியிலிருந்து வந்தது என்று பார்த்துத்தான் துடைக்க வேண்டும். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உள்ளது. வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தால் அது அடங்கும். மலிவான பழைய ஜிங்க்-கார்பன் பேட்டரியின் கசிவோ அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடாக் கரைசல்தான் சரி. எதைப் பயன்படுத்தினாலும், அதன் பிறகு நீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியாலும் கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலும் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சுருள்கம்பிகளின் பூச்சு உரிந்து துருவேறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுவதே வழி. அந்த அறையிலிருந்து உள்ளே போகும் வயர்களையும் இழுத்துப் பாருங்கள். கசிவு செம்புக் கம்பியின் இழைகள் வழியே உறைக்குள்ளேயே ஊர்ந்துபோயிருக்கும், வெளியில் தெரியாது.

யாரும் எழுதாத தாளங்களைத் தானாக வாசிக்கிறது என்று நீங்கள் பயப்படுவதற்கான விளக்கமும் இங்கேயே கிடைக்கிறது. இதன் நினைவகம் என்இசி நிறுவனத்தின் மியூபிடி444 என்னும் ஸ்டாட்டிக் ராம் சிப்புகளில் இருக்கிறது. பேட்டரி இல்லாமல் மின்சாரமும் நின்றுபோனால் அந்தச் சிப்புகளில் இருந்தது அழிந்து, மறுபடி மின்சாரம் வரும்போது ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யமோ ஒன்றோ ஏதோ ஒன்று குருட்டாம்போக்கில் உட்கார்ந்துகொள்கிறது. இயந்திரம் அதைத் தாளம் என்று நம்பி வாசிக்கிறது. புது பேட்டரிகளைப் போட்டு, மோடு குமிழைத் தாளத்தை அழிக்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு தாளமாக கிளியர் பட்டனால் அழித்துவிட்டு, நீங்களாகவே ஒரு தாளம் எழுதி, அணைத்து, மறுநாள் போட்டுப் பாருங்கள். எழுதியது அப்படியே இருந்தால் நினைவகத்தில் குறையில்லை. அழித்த பிறகும் குறிப்பிட்ட சில கட்டங்கள் மட்டும் பிடிவாதமாக ஒலித்தாலோ எழுதியது நிற்காமல் போனாலோ அப்போது ராம் சிப்பைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் சந்தேகிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, உள்ளே இருக்கும் வோல்ட்டேஜ்கள். இந்த இயந்திரம் மூன்று வோல்ட்டேஜ்களில் இயங்குகிறது: +15, −15, +5. சர்வீஸ் மேனுவலை ஒரு பிரதி கையில் வைத்துக்கொண்டு, அதில் காட்டியுள்ள இடங்களில் மல்டிமீட்டரை வைத்து மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடங்களில் மீட்டரை ஏசி நிலைக்கு மாற்றி அளந்தால், நேர்மின்சாரத்தின் மேல் எவ்வளவு அலைவு ஏறியிருக்கிறது என்பது ஓரளவு தெரியும்; ஆசிலோஸ்கோப் இருந்தால் தெளிவாகவே தெரியும். சில மில்லிவோல்ட்டைத் தாண்டிக் கணிசமாக அலைவு தெரிந்தால், மின்வழங்கலிலுள்ள பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வறண்டுவிட்டன என்று கொள்ளலாம். அவற்றை மாற்றச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை; நாற்பது வருடத்துக்கு மேலான அந்தப் பாகங்கள் தங்கள் கடமையைச் செய்து முடித்துவிட்டவை, ஒலியின் குணத்திலும் அவற்றுக்கு நேரடியான பங்கு கிடையாது. ஆனால் நீங்கள் கேட்கும் ஹம் இதனால்தான் வருகிறது என்று இங்கிருந்தே உறுதியாகச் சொல்ல முடியாது. ஜப்பானிய இருமுனை பிளக்கில் எர்த் இல்லை. லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த இணைப்பில் வேறு வழியாகவும் ஹம் நுழையும். பேட்டரியில் ஓடும் சிறு ஸ்பீக்கர் ஒன்றில் மட்டும் இயந்திரத்தை இணைத்துக் கேளுங்கள். ஹம் மறைந்தால் இணைப்பில்தான் கோளாறு. மறையாமல் இருந்தால் உள்ளே தேடலாம்.

இப்போது ஒலிகளுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே, ஏனென்றால் நீங்கள் தந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து ஒரே இடத்தைக் காட்டுகின்றன. இந்தப் பதினொரு ஒலிச்சுற்றுகளும் முற்றிலும் தனித்தனியானவை அல்ல. சில மூலங்களை அவை பங்குபோட்டுக்கொள்கின்றன. பாஸ் டிரம், டாம், காங்கா ஆகியவை பிரிட்ஜ்ட்-டி என்னும் ஒத்ததிர்வுச் சுற்றைக் கொண்டவை. ஒரு துடிப்பு கொடுத்தால் தட்டிய மணிபோல் அதிர்ந்து அடங்கும். தட்டு ஒலிகளான சிம்பலும் இரண்டு ஹை-ஹாட்டுகளும் ஆறு சதுர அலை ஆசிலேட்டர்களின் கலவையிலிருந்து பிறக்கின்றன. அந்த ஆறும் ஒரே ஷ்மிட் டிரிகர் ஐசிக்குள் இருப்பவை, அவற்றில் இரண்டை மட்டும் மாட்டின் கழுத்தில் கட்டும் மணியின் ஒலியான கவ்பெல் எடுத்துக்கொள்கிறது. ஸ்நேரின் சரசரப்பு, கைதட்டல், மராக்காஸ் என்னும் கிலுகிலுப்பை ஆகியவற்றுக்கு மூலம் வேறு: ஒற்றை டிரான்சிஸ்டர் உண்டாக்கும் வெள்ளை இரைச்சல். ஆகவே எந்த ஒலி போயிற்று என்று பார்ப்பதைவிட எந்த ஒலிகள் சேர்ந்து போயின என்று பார்ப்பதே நோயைக் கண்டறியும் வழி. சிம்பல், ஹை-ஹாட், கவ்பெல் மூன்றும் ஒருசேரப் போனால் அந்த ஷ்மிட் டிரிகர் ஐசி. ஸ்நேரின் சரசரப்பும் கைதட்டலும் ஒருசேரப் போனால் இரைச்சல் மூலம். எல்லா ஒலிகளும் மங்கலாக வந்தால், அடிகளுக்கு அழுத்தம் கொடுக்கும் ஆக்சென்ட் சுற்று. அதுதான் எல்லாவற்றுக்கும் பொதுவான தூண்டல் துடிப்பின் உயரத்தை ஏறத்தாழ 4 முதல் 14 வோல்ட் வரை ஏற்றி இறக்குவது.

உங்களிடம் கைதட்டல் இல்லை, ஸ்நேர் மொட்டை. ஸ்நேரின் சரசரப்பைக் கூட்டிக் குறைக்கும் ஸ்நாப்பி குமிழை முழுவதும் திருகிப் பாருங்கள். ஒலியில் எந்த மாற்றமும் இல்லையென்றால், பிறகு கைதட்டல் வரிசையின் சுவிட்சை மராக்காஸுக்குத் தள்ளி அதுவும் ஊமையாக இருக்கிறதா என்று பாருங்கள். மராக்காஸ் ஊமையாக இருப்பது தனியாக எதையும் நிரூபிக்காது, ஏனெனில் கைதட்டலும் அதுவும் ஒரே லெவல் குமிழையும் ஒரே ஜாக்கையும் பகிர்கின்றன. ஆனால் ஸ்நேர் முற்றிலும் வேறு வரிசை. மூன்றும் சேர்ந்து குறைப்பட்டிருந்தால் பொதுவான இரைச்சல் மூலத்தைத் தவிர வேறு காரணம் இருப்பது அரிது. அப்படியென்றாலும் உடனே டிரான்சிஸ்டரைப் பிடுங்க வேண்டாம். அதற்கு வரும் வோல்ட்டேஜ் சரியா, அதன் கால்களில் சால்டர் விரிசல் விட்டிருக்கிறதா, இரைச்சலைக் கடத்திச் செல்லும் சிறு எலக்ட்ரோலிட்டிக் திறந்துபோயிருக்கிறதா, அடுத்துள்ள ஆப்-ஆம்ப் உயிரோடு இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். சால்டர் விரிசலும் கெப்பாசிட்டரும்தான் என் மேசையில் அதிகம் சிக்கிய குற்றவாளிகள், டிரான்சிஸ்டர் அரிதாகவே.

அந்த டிரான்சிஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் கடந்து போக முடியாது, ஏனெனில் இணையத்தில் அதைச் சுற்றி ஒரு புராணமே வளர்ந்திருக்கிறது. அது 2எஸ்சி828 என்னும் சாதாரணச் சிறு டிரான்சிஸ்டர். அதன் பேஸ்-எமிட்டர் சந்தியைத் தலைகீழாக மின்னழுத்தி முறிவு நிலைக்குக் கொண்டுபோனால் அது இரைகிறது, அந்த இரைச்சலைப் பெருக்கி எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமான பயன்பாட்டுக்கு ஆகாதென்று கழிக்கப்படும் அளவுக்கு இரைகிற டிரான்சிஸ்டர்களைத் தேர்ந்தெடுத்து வாங்கியதாகவும், உற்பத்தித் தரம் உயர்ந்தபின் அப்படிப்பட்டவை கிடைக்காமல் போனதால் 808இன் உற்பத்தி நின்றதாகவும் ரோலண்டை 1972இல் நிறுவிய இகுதாரோ காக்கெஹாஷியே கூறியிருக்கிறார். டிரான்சிஸ்டர் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது உறுதி. உற்பத்தி நின்றதற்கு அது ஒன்றே காரணமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நிஜ டிரம் பதிவுகளைக் கொண்ட இயந்திரங்கள் அப்போது சந்தையின் விருப்பத்தை மாற்றிக்கொண்டிருந்தன, ரோலண்டே 1983இல் கொண்டுவந்த டிஆர்-909இல் சிம்பலுக்கும் ஹை-ஹாட்டுக்கும் பதிவொலிகளைத்தான் வைத்தது. அந்த ஒரு டிரான்சிஸ்டரே 808இன் உயிர் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்பவர்களையும் நம்ப வேண்டாம். பாஸ் டிரம்மும் கவ்பெல்லும் அதைக் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. உண்மையில் அது செத்திருந்தால், அந்த இடத்தில் சிறு சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்து, சாதாரண 2எஸ்சி828 பலவற்றை ஒவ்வொன்றாகச் செருகிக் கேட்டு, இரைச்சல் சீராகவும் போதுமான உயரத்துடனும் வெடிப்பொலிகள் இல்லாமலும் இருப்பதை வைத்துக்கொள்வதே நடைமுறை.

இனி உங்கள் நேரடிக் கேள்வி: எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்றலாமா? இரண்டு வகைக் கெப்பாசிட்டர்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை. எலக்ட்ரோலிட்டிக் வகைக்குள் திரவம் உண்டு, அது காலப்போக்கில் வறளும். மின்வழங்கலிலும், ஒலியை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் இடங்களிலும் அவை இருக்கின்றன. ஆனால் சுருதியைத் தீர்மானிப்பவை பிலிம் வகைக் கெப்பாசிட்டர்கள். அவற்றில் வறள்வதற்கு எதுவும் இல்லை, நாற்பது வருடம் அவற்றுக்குப் பெரிய வயதும் இல்லை. ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் உங்கள் பாஸ் டிரம்மின் சுருதி அவற்றையும் சில ரெசிஸ்டர்களையும் சார்ந்தது. அவற்றின் உண்மையான மதிப்பு அச்சிட்ட மதிப்பிலிருந்து சில சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது இயல்பு. இரண்டு கெப்பாசிட்டர்களும் பத்து சதவீதம் விலகினால் சுருதி அரைச்சுரத்துக்கும் மேல் நகர்ந்துவிடும். ஒரே வரிசையில் செய்த இரண்டு 808கள் ஒன்றுபோல் ஒலிக்காததற்கு இதுவே முதன்மையான காரணம். உங்கள் மாமாவின் இயந்திரத்துக்கு என்று ஒரு குரல் இருந்தால் அது அந்தப் பிலிம் கெப்பாசிட்டர்களில்தான் இருக்கிறது. அவற்றைப் பிடுங்கிப் புதியவற்றைப் போட்டால் இயந்திரம் வேலை செய்யும். ஆனால் அது வேறொரு 808 ஆகிவிடும், பெற்றதோ ஒன்றும் இல்லை.

ஆகவே என் பங்கீடு இப்படி. மின்வழங்கலிலுள்ள எலக்ட்ரோலிட்டிக்குகளை மாற்றுங்கள். ஒலிச்சுற்றுகளில் உள்ள எலக்ட்ரோலிட்டிக்குகளை, அந்தச் சுற்றில் குறை தெரிந்தால் மட்டும், கெப்பாசிட்டரின் உள் மின்தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டரால் சோதித்து மாற்றுங்கள். பிலிம் வகையை உடைந்திருந்தாலொழியத் தொடாதீர்கள். கடத்தும் இடங்களிலுள்ள நல்ல எலக்ட்ரோலிட்டிக்கைப் புதிதாக மாற்றினால் காதுக்குத் தெரியும்படி ஒலி மாறுமா என்பதில் தொழில் செய்பவர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துவருவதில்லை. மாறாது என்பது என் எண்ணம், ஆனால் அதை நான் நிரூபிக்கப்பட்ட உண்மையாகச் சொல்லவில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது வேறு: அந்தக் காலத்துப் போர்டுகளில் செம்புத் தடம் சூட்டைத் தாங்காமல் எளிதில் பிரிந்து எழும். நூறு இடங்களில் சால்டரை உருக்கி எடுத்தால், இல்லாத கோளாறு இரண்டு மூன்றாவது புதிதாக முளைக்கும். மொத்த மாற்றத்தை நான் எதிர்ப்பதற்கு ஒலியைவிட இதுவே பெரிய காரணம்.

போர்டில் சிறு திருப்புளியால் திருகும் பிரீசெட்டுகளைப் பார்த்ததும் கை ஊறும். அவற்றைக் கடைசி வரை தொட வேண்டாம். மூன்று வோல்ட்டேஜ்களும் சரியான பிறகே அவற்றுக்கு அர்த்தம் உண்டு. கவ்பெல்லுக்குரிய இரண்டு ஆசிலேட்டர்களும் 540, 800 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். அதிர்வெண் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரே அதற்குப் போதும். திருகுவதற்கு முன் இப்போதிருக்கும் நிலையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாமா காதுக்கேற்பத் திருகி வைத்திருந்தாரோ என்னவோ, மேனுவல் சொல்வதைவிட அது உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே விடுவதிலும் தவறில்லை.

பட்டன்கள், குமிழ்கள், ஜாக்குகள் ஆகியவற்றில் இவ்வளவு யோசனை தேவையில்லை. இருமுறை பதியும் பட்டன்களுக்குக் கீழே இருப்பவை சிறு டாக்ட் சுவிட்சுகள். உள்ளிருக்கும் தகடு தேய்ந்துவிட்டது. சுத்தம் செய்தால் சில வாரங்கள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி தொடங்கும், எனவே மாற்றிவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் டாக்ட் சுவிட்சுகள் குவிந்து கிடக்கும், ஆனால் கால்களின் இடைவெளியும் தண்டின் உயரமும் பழையதோடு பொருந்த வேண்டும். உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் மேலுள்ள வண்ண மூடி அழுந்தியே நிற்கும் அல்லது ஆடும். ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். கரகரக்கும் குமிழ்களுக்குக் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு உள்ளே விட்டு முனையிலிருந்து முனைக்குப் பலமுறை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டபிள்யூடி-40இன் வழக்கமான நீலக் குப்பியை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்; அது விட்டுச்செல்லும் எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும். டெம்போ குமிழுக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள்; அங்கே அழுக்கிருந்தால் கரகரப்பு கேட்காது, தாளத்தின் வேகம் திடீரென்று துள்ளும். பின்புறத்தில் ஒவ்வொரு ஒலிச்சுற்றுக்கும் தனி ஜாக் இருக்கிறது. அதில் பிளக்கைச் செருகினால் அந்த ஒலி பொதுக் கலவையிலிருந்து விலகித் தனியே வரும்படி உள்ளே ஒரு தொடுமுனை உண்டு. அது துருவேறினால் பிளக் இல்லாதபோதும் அந்த ஒலி கலவையில் வராது. ஏதேனும் ஒரே ஒரு ஒலி காணாமற்போனால், போர்டைத் திறப்பதற்கு முன் அந்த ஜாக்கில் பிளக்கைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுங்கள். முகப்பிலுள்ள எழுத்துகளின் மேல் ஆல்கஹால் படவிடாதீர்கள்; சோப்பு நீர் தொட்டு நன்றாகப் பிழிந்த துணி போதும்.

நான் கைவிரிக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் இயக்கும் மூளை, மியூபிடி650சி-085 என்னும் நான்கு பிட் சிப். அதற்குள்ளேயே நிரல் பொறிக்கப்பட்டிருக்கிறது. ரோலண்டின் வேறு கருவிகளான டிஆர்-606, டிபி-303 ஆகியவற்றிலும் இதே மியூபிடி650சி இருப்பதைப் பார்த்து அங்கிருந்து எடுத்துப் போட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம்; கடைசி மூன்று இலக்கங்கள் வேறு, நிரலும் வேறு. அது செத்தால் இன்னொரு 808இன் உடலிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். உங்களுடையது உயிரோடிருக்கிறது; குருட்டுத் தாளங்களானாலும் ஒழுங்கான வேகத்தில் வாசிப்பதே அதற்குச் சான்று. எனவே உள்ளே கை வைக்கும்போது மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொள்ளுங்கள், அந்தச் சிப்பையும் ராம் சிப்புகளையும் தேவையின்றித் தொடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: பின்னாலுள்ள ஐந்து துளைச் சாக்கெட், மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி இல்லை. மிடி 1983இல்தான் கருவிகளில் வரத் தொடங்கியது. இது அதற்கு முந்திய, கருவிகளின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க் (sync) இணைப்பு. உருவம் ஒன்றாக இருந்தாலும் பேசும் முறை வேறு, இடையில் ஒரு மாற்றுப்பெட்டி வேண்டும். அதன் அருகேயுள்ள சுவிட்ச் உள்ளீட்டு நிலையில் இருந்தால் ஸ்டார்ட் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் இயந்திரம் வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பு வருமென்று காத்துக்கொண்டிருக்கும். செத்துவிட்டது என்று என்னிடம் வந்தவற்றுள் சிலவற்றுக்கு மருந்து அந்தச் சுவிட்சைத் தள்ளியதுதான்.

பராமரிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சென்னையின் ஈரக்காற்றும் கடல் உப்பும் தொடுமுனைகளுக்குப் பகை. மாதம் ஒருமுறையாவது அரைமணி நேரம் இயக்கி, எல்லாக் குமிழ்களையும் சுவிட்சுகளையும் முழுத் தூரம் அசைத்துவிடுங்கள். பயன்படுத்தாதபோது சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டிவைத்தால் உள்ளிருக்கும் ஈரமே பூஞ்சையாகிவிடும், துணி உறையே நல்லது. கரப்பான் வராமலிருக்க அந்துருண்டை போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு, இங்கே வேண்டாம்; அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கும். பேட்டரிக்கு லித்தியம் ஏஏ வகை விலை கூடினாலும் கசியும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆல்கலைன் போட்டால் வருடம் ஒருமுறை, தீர்ந்திருக்கிறதா என்று பார்க்காமலே மாற்றுங்கள். முக்கியமான தாளங்களைப் பதினாறு கட்டம் போட்ட காகிதத்தில் எழுதிவைப்பது எந்தப் பேட்டரியையும்விட நம்பகமானது.

உங்களுக்கு வேண்டியது இந்த ஒலி மட்டும்தான் என்றால் ரோலண்ட் 2017இல் கொண்டுவந்த டிஆர்-08 போன்ற சிறிய கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இத்தனை சேவகம் தேவையில்லை. இதையே ஓடவைக்க வேண்டும் என்பது விருப்பமானால், மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சர்வீஸ் மேனுவலின் சுற்றுப்படத்தைப் பார்த்து வேலை செய்வாரா, கழற்றிய பாகங்களையெல்லாம் பையில் போட்டுத் திருப்பித் தருவாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் கொடுக்கலாம். அதற்கு முன்பு, பின்தகட்டில் எழுதியுள்ள வோல்ட்டேஜ், நீங்கள் பயன்படுத்தும் கன்வெர்ட்டரின் வகை, உள்ளே அளந்த மூன்று வோல்ட்டேஜ்கள், ஸ்நாப்பி குமிழையும் மராக்காஸையும் சோதித்ததன் முடிவு ஆகிய நான்கையும் இங்கேயே எழுதுங்கள். இரைச்சல் சுற்றில் எந்த இடத்தில் மீட்டரை வைக்க வேண்டும் என்பதை அதன் பிறகு குறிப்பாகச் சொல்கிறேன்.